நெஞ்சில் மோதும் நான்கு கம்பி

தானே கழிமுகத்துக்கும் பார்சிக் குன்றுகளுக்கும் இடையே, சிட்கோ செக்டர் செக்டராகக் கோடு போட்டுக் கட்டிய ஊர் கோபர்கைரனே. அந்தக் கோடுகளுக்குள் அடங்காமல் பழைய கிராமத்துச் சந்துகள் இன்னும் நெளிகின்றன. 2004இல் ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்தால் மூன்றாவது நிறுத்தம் நெருல். அங்குள்ள டி.ஒய். பாட்டீல் மைதானத்தில்தான் 2019 டிசம்பர் 15 அன்று யு2 குழு இந்தியாவில் முதன்முறையாக வாசித்தது. கண்கள் பாடகர் போனோ மீது இருந்தாலும், நெஞ்சில் வந்து மோதியது ஆடம் கிளேட்டனின் பேஸ் கிதார். பேஸ் வாசிப்பவரின் தலையெழுத்து அது. உழைப்பு அவருடையது, பெயர் வேறொருவருக்கு.

வாத்தியத்துக்கு வயது அதிகமில்லை. ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு விடுதலை கொடுத்தவர் கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்திய லியோ ஃபெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது வேடிக்கை. 1951இல் வந்த அவரது பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம். வீணைக்கு இருப்பதைப் போல மெட்டுகள் உண்டு. விரல் வைத்த இடத்தில் சுருதி பிசகாது. அதனால்தான் 'பிரிசிஷன்' என்று பெயர். 1960இல் ஜாஸ் பேஸ். 1965இல் கம்பெனி 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சிபிஎஸ் கைக்குப் போனது. அதற்கு முன் செய்தவைதான் சேகரிப்பாளர்களுக்குத் தங்கம். பழைய மரம், பழைய காந்தம் என்று காரணம் சொல்கிறார்கள். பாதி உண்மை, பாதி பக்தி.

அந்த மரத்தில் நமக்கும் பங்குண்டு. ரோஸ்வுட் விரல் பலகை என்றால் முதலில் பிரேசில் மரம். 1960களின் பிற்பகுதியில் இந்திய ரோஸ்வுட், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் நம் ஈட்டி மரம். பிரேசில் மரத்தின் வணிகத்துக்கு 1992 முதல் சர்வதேசத் தடை. பரணில் ஒரு பழைய ஃபெண்டர் இருந்தாலும், அதை வெளிநாட்டுக்கு விற்க நினைப்பவர் பலகை எந்த நாட்டு மரம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

பம்பாய்க்குள் இந்த வாத்தியம் சுலபமாக நுழையவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் வாத்தியக்காரர்களை வாட்டின. ஆனாலும் ஆர்.டி. பர்மனின் பாடல்களுக்குக் கீழே டோனி வாஸின் பேஸ் ஓடியது. சரண்ஜித் சிங்கும் ஸ்டூடியோக்களில் பேஸ் வாசித்தவர். சென்னையில் இளையராஜாவுக்கு சசிதரன். 1979இல் வந்த 'பகலில் ஓர் இரவு' பாடல்களை நல்ல ஸ்பீக்கரில் கேட்டால், பேஸ் வெறும் பக்கவாத்தியம் அல்ல என்பது புரியும். பிறகு சின்தசைஸர் வந்தது. கீபோர்டின் இடது கை பேஸ்காரரின் சம்பளத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

கோபர்கைரனேயிலிருந்து வாஷியில் வண்டி மாறி சிஎஸ்எம்டியில் இறங்கினால், தோபி தலாவ் நடக்கும் தூரம். கோவாக்காரர்களின் கிராம மன்றங்களுக்குப் பேர்போன ஜெர் மஹால் அங்கே. 1865இல் தொடங்கிய ஃபுர்டாடோஸ் வாத்தியக் கடையின் பெயரும் அந்தக் கட்டிடத்தோடு ஒட்டிக்கொண்டது.

பழைய பேஸ் வைத்திருப்பவருக்கு மும்பை மழைக்காலம்தான் எதிரி. ஈரத்தில் கழுத்து வளையும். உள்ளே ஓடும் இரும்புத் தண்டைக் கொஞ்சம் திருகி நிமிர்த்தலாம். அதிகம் திருகினால் மரம் போய்விடும். புது பெயின்ட் அடித்தால் பளபளக்கும், விலை சரியும். பூட்டி வைத்தால் விலை நிற்கும், வாசிப்பு நின்றுவிடும். பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் சுமார் 30 பவுனுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ் 1972இல் லண்டனில் திருடு போனது. அது கிடைத்துவிட்டதாக 2024இல்தான் உலகுக்குத் தெரிந்தது. இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. திரும்பி வந்தபோது ரிப்பேர் தேவைப்பட்டது.