துக்கமும் நோயும்

அரபு மொழியில் ஹுஸ்ன் என்பது துக்கம். ஃபரஹ் என்பது மகிழ்ச்சி. இரண்டும் மனிதனின் இயல்புகளே. அருமை மகனைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் அழுதழுது கண்ணொளி இழந்தார்கள். மகன் இப்ராஹீம் மரித்தபோது நம் பெருமானார் (ஸல்) அவர்களும் கண்ணீர் வடித்தார்கள். காரணமுள்ள கண்ணீர் நோயன்று.

காரணமின்றி வரும் துக்கமோ வேறு. கி.பி. 850 முதல் 934 வரை வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் சேர்த்து எழுதிய நூலில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். காரணம் அறியாத துக்கத்துக்கு உடல் வைத்தியமும் வேண்டும் என்பது அவர் கருத்து.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், இருபது நாட்கள் இரவில் இரண்டு மணி நேரமே உறங்கினார், ஆயினும் சோர்வில்லை. பேச்சு வெள்ளமாய்ப் பெருகிற்று. சொந்தப் பட்டறை வைக்கப் போவதாக மனைவியின் நகைகளை அடகு வைத்தார். சுறுசுறுப்பு வந்துவிட்டதென வீட்டார் மகிழ்ந்தனர். பின்னர் இரண்டு மாதம் பாயைவிட்டு எழவில்லை. ஈமான் குறைந்ததென்றனர் சிலர். ஜின் என்றனர் வேறு சிலர். "எந்த தர்காவில் கொண்டுபோய் வைக்கலாம், ஹஜ்ரத்?" என்று தாயார் கேட்டார்.

எனக்கு ஏர்வாடி நினைவு வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடுக்கிறது. "துஆ செய்வோம், அம்மா, டாக்டரிடமும் காட்டுவோம்" என்றேன். 1794இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குச் சென்றார்கள். பைபோலார் என்னும் இருதுருவ மனநோய் என்றார்கள்.

காலையில் சினந்து மாலையில் சிரிப்பவர் இந்நோயாளி அல்லர். அன்றாட உணர்ச்சிக்குக் காரணம் உண்டு. நற்செய்தி கேட்டால் தணியும். நோயின் எழுச்சி ஒரு வாரமோ அதற்கு மேலோ நாள்தோறும் நீடிக்கும்; தாழ்ச்சி இரண்டு வாரத்துக்குக் குறையாது. உறக்கம், செலவு, வேலை மூன்றும் நிலைகுலையும். தாழ்ச்சியில் மட்டுமே மருத்துவரை நாடுகிறோம். முந்தைய எழுச்சியையும் சொல்லவேண்டும். சோர்வுக்குரிய மருந்தை மட்டும் கொடுத்தால் எழுச்சி மீண்டும் கிளம்பக்கூடும்.

லித்தியம் என்னும் உப்பு இந்நோய்க்கு உதவுமென 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் கண்டறிந்தார். இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக்கொண்டே உட்கொள்ளவேண்டும். உடலில் நீர் வற்றினால் அவ்வளவு ஏறி நஞ்சாகும். ஆகவே ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கேட்பது கட்டாயம். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆகாது. வழிகேட்க 14416 என்ற அரசுத் தொலைபேசி எண் உண்டு.

காய்ச்சல்காரர் நோன்பை விட்டால் நாம் குறைகூறுவதில்லை. நோயாளிக்கு மார்க்கம் அளித்த அச்சலுகையை, நோய் உள்ளத்தில் இருப்பதற்காக மறுக்க நமக்கு உரிமை ஏது?