சீர்காழியை இலண்டனில் கண்டோம்!

பெட்டியின் எடை 23 கிலோ. அதற்கு மேல் ஒரு கைக்குட்டையும் கூடாது என்பது விமானத்தார் வகுத்த விதி. எட்டு வாரக் கோடைப் படிப்பு முடிந்து, இலண்டனை விட்டு நாம் புறப்பட ஆறே நாட்கள் எஞ்சியிருந்தன. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் அது. உடன் பயின்றோர் கடைவீதிக்குப் படையெடுத்தனர். ஒருவர் பெட்டியில் மிட்டாய், மற்றொருவர் பெட்டியில் வாசனைப் புட்டி, இன்னொருவர் பெட்டியில் அரண்மனை பொறித்த கோப்பை! நாமோ விடுதி அறையின் தரையில் அமர்ந்து, எதை எடுப்பது, எதை விடுப்பது என்று விழித்துக் கொண்டிருந்தோம். பழைய புத்தகக் கடைகளில் வாங்கிச் சேர்த்தவை மட்டுமே 14 கிலோ. அன்னையார் கேட்டதோ ஒரு கம்பளிப் போர்வை. மயிலாடுதுறை வெயிலுக்குக் கம்பளி எதற்கம்மா என்று தொலைபேசியில் கேட்டோம். “மார்கழிப் பனிக்கு நீயாடா வந்து முட்டி பிடிச்சுவிடப் போறே?” என்றார். வாங்கிவிட்டோம். இரண்டு கிலோ!

வெளிநாடு சென்று படிப்பவர்க்கு முதல் வாரம் வியப்பில் கழியும். நடு வாரங்கள் ஊர்ச் சோற்றின் நினைவில் கழியும். கடைசி வாரம்தான் கணக்குக் கேட்கும். எதற்கு வந்தாய்? எதைக் கற்றாய்? எதைக் கொண்டு போகிறாய்? போர்வையும் புத்தகமும் அதற்கு விடையாகா என்பது நமக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த நிலையில், இரவல் பெற்ற நூல்களைத் திருப்பித் தர நூலகம் சென்றோம். வெண்தலை அம்மையார் ஒருவர் அங்கே நூலகர். எட்டு வாரமும் புன்னகையோடு நின்றிருந்தவர், அன்றுதான் எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றோம். அங்கே எந்த ஊர் என்றார். மயிலாடுதுறை, சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, காவிரிக் கரை, நெல் விளையும் நாடு என்றோம். அம்மையார் சற்றே யோசித்தார். “ஷியாலிக்கு அருகிலா?” என்றார்.

திகைத்துப் போனோம். ஷியாலி! வெள்ளையர் நாவில் சீர்காழி பெற்ற பழைய வடிவமல்லவா அது? நம் ஊரிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். பேருந்தில் ஏறி ஒரு தூக்கம் போடுமுன் வந்துவிடும் ஊர். அதை இந்த அம்மையார் எப்படி அறிந்தார்? “நூலகவியல் படித்தவர்களுக்கு அந்த ஊர் தெரியாமல் இருக்குமா? இரங்கநாதன் பிறந்த ஊராயிற்றே” என்று அவர் சொன்னபோது நாம் தலை குனிந்தோம். எஸ். ஆர். இரங்கநாதன் என்ற பெயரைப் பொது அறிவுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தோம். தேர்வு முடிந்ததும் மறந்தோம். அவர் பயின்ற யூனிவர்சிட்டி கல்லூரி, நாம் நாள்தோறும் நடந்த கோவர் வீதியில்தான் இருக்கிறது என்பதைக்கூட அறியாமல் எட்டு வாரம் அந்த வாசலைக் கடந்திருக்கிறோம்!

உண்மையைச் சொல்லிவிடுவோம், தோழர்களே. தலை குனிந்த அதே நொடியில் நெஞ்சில் எழுந்தது பெருமை அன்று; ஐயம். சீர்காழியில் ஐயர் குடும்பத்தில் 1892-இல் பிறந்தவர் அவர். ஏடு அவர்களிடம், ஏர் நம்மவரிடம் – இதுதானே நெடுங்காலக் கணக்கு? நம் பாட்டனார் பண்ணையாள். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, தம்மைக் காக்க வந்த சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல் நின்றவர். காரியக்காரர் சொன்னதே அவருக்குச் சட்டம். அந்தப் பாட்டனுக்கும் இந்த இரங்கநாதனுக்கும் என்ன உறவு என்று மனம் முரண்டியது. ஆனால், பகுத்தறிவு என்பது பிறர் மூடத்தனத்தை மட்டும் சலிக்கும் சல்லடையா? நம் மனத்தையும் அதில் இட்டுப் பார்க்க வேண்டாமா? மிச்சமிருந்த நாட்களில் கடைவீதியை மறந்தோம். அவரைத் தேடினோம்.

அவர் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்தார். மாணவர் முகம் பார்த்துப் பழகியவருக்கு, ஆளரவமற்ற நூலக அறை சிறையாகத் தோன்றிற்று. வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று முறையிட்டார். முதலில் இலண்டன் சென்று பயின்று வாரும். வந்த பின்னும் பிடிக்கவில்லையானால் பழைய வேலை உமக்குத்தான் என்றனர். அரை மனத்தோடு கப்பல் ஏறினார்.

இலண்டனில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் சேயர்ஸ்; கிராய்டன் நகரத்து நூலகர். அவர் தூண்டுதலால் இங்கிலாந்தின் நூலகங்களை ஒவ்வொன்றாகச் சென்று கண்டார் இரங்கநாதன். ஆலைத் தொழிலாளி வருகிறான்; அடுப்படிப் பெண் வருகிறாள்; சிறுவர் வருகின்றனர்; எடுக்கின்றனர், படிக்கின்றனர், தடுப்பார் இல்லை! சென்னையில் அவர் விட்டு வந்த அறைக்கும் இதற்கும் எத்துணைத் தொலைவு! ஒரு நாள் செல்பிரிட்ஜ் என்ற பெருங்கடையில் மெக்கானோ பொம்மையைக் கண்டார். அதே துளையிட்ட பட்டைகள், அதே திருகாணிகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியாகும், பாலமாகும், பாரந்தூக்கியாகும். நூலின் பொருளையும் இவ்வாறே உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பூட்டிப் பார்த்தால் என்ன? திருகாணியின் இடத்தில் முக்காற்புள்ளி! பிற்பாடு 1933-இல் நூலாக வெளிவந்த கோலன் பகுப்புமுறைக்கு அந்தப் பொம்மைதான் வித்து.

நம்மை உலுக்கியது அதற்கு அடுத்த செய்தி. 1925 கோடையில் படிப்பு முடிந்து ஊர் திரும்பினார். கப்பலில் ஒரு சிறு நூலகம் இருந்தது. தம் புது முறையின்படி அந்த நூல்களை வகைப்படுத்தி அடுக்கிப் பார்த்தார். உடன் வந்தோர் அலை எண்ணினர். அவர் நூல் எண்ணினார். கரை இறங்கியவர் பழைய வேலையைத் திருப்பிக் கேட்கவே இல்லை. பெட்டி எடைக்கு அஞ்சி நாம் தரையில் அமர்ந்திருந்தோமே, அவர் கொண்டு வந்ததற்கு எடையே இல்லை!

வந்தபின் செய்தவற்றை விரிக்கின் பெருகும். 1928-இல் சென்னை நூலகச் சங்கம். 1931-இல் நம் காவிரி நாட்டு மன்னார்குடியில், கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் நூல் ஏற்றிய மாட்டு வண்டி சிற்றூர்களுக்குப் புறப்பட்டது. நெல் மூட்டை ஏறும் வண்டியில் நூல் மூட்டை! 1948-இல், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதில் அவருடைய பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. இன்றும் வீட்டு வரியோடு சேர்ந்து நூலக வரியும் நம்மிடம் பெறப்படுகிறது. கட்டுகிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெரியாதவர் கணக்குக் கேட்பது எங்ஙனம்?

ஆயினும் நம் ஐயத்தின் ஒரு பாதி கரைந்தது, மறுபாதி நின்றது. அந்த மாட்டு வண்டி சேரி வாசலிலும் நின்றதா? நின்றிருந்தாலும் எழுத்தறியாத கை எதை எடுக்கும்? பாட்டனார் எழுத்தைக் கற்றது நூலகத்தில் அன்று. ஊர்க் கோடியில் இளைஞர்கள் வேய்ந்த கீற்றுக் கொட்டகைப் படிப்பகத்தில். ஒருவர் நாளேட்டை உரக்கப் படிப்பார். இருபது பேர் கேட்பர். கேட்டுக் கேட்டு, முப்பது வயதைத் தாண்டிய பின் எழுத்துக் கூட்டத் தொடங்கினார் பாட்டனார். சீர்காழிக்காரர் கதவைத் திறந்தார். கண்ணைத் திறந்தது கீற்றுக் கொட்டகை. இரண்டில் ஒன்று இல்லையேல், நாம் கோவர் வீதியில் நடந்திருக்க மாட்டோம். ஒன்றுக்கு நன்றி சொல்லி மற்றதை மறப்பது நேர்மையாகுமா?

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கிராய்டன் சென்றோம், சேயர்சின் ஊரைக் காண. நூலகத்தில் ஈழத்து அம்மையார் ஒருவர், பெயரனுக்குப் படக்கதை தேடிக் கொண்டிருந்தார். நம் தமிழைக் கேட்டதும் “எந்த ஊர் நீங்கள்?” என்றார். பேச்சு நீண்டது. “எங்கட யாழ்ப்பாண நூலகத்தை எரிச்ச அண்டைக்கு நான் பள்ளிக்கூடப் பிள்ளை. புகையை வீட்டு முற்றத்தில இருந்து பார்த்தனான்” என்றார். 1981 சூன் தொடக்கத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான செய்தி நாம் ஏட்டில் படித்தது. அவருக்கோ அது முற்றத்துப் புகை. அதற்கு மேல் அவர் பேசவில்லை. பையன் ஐந்து புத்தகங்களை அள்ளிக் கொண்டு வந்தான்.

அன்றிரவு பெட்டியை மீண்டும் கட்டினோம். நமக்கென வாங்கிய கனத்த ஆராய்ச்சி நூல்கள் சிலவற்றைத் தங்கும் தோழரிடம் விட்டோம்; அந்த இடத்தில் சிறுவர் படநூல்கள் ஏறின. போர்வையில் கை வைக்கவில்லை. அம்மாவுக்கு அஞ்சித்தான்!

சென்னையிலிருந்து இரவு வண்டி. விடியலில் கொள்ளிடப் பாலம், பின்பு சீர்காழி. எத்தனை முறை அந்த நிலையத்தைத் தூங்கியே கடந்திருக்கிறோம்! அன்று வாசற்படியில் நின்று பார்த்தோம். தேநீர்க்காரர் குரல் தவிர வேறொன்றும் இல்லை. அடுத்து வைத்தீசுவரன்கோயில். கும்பல் இறங்கிற்று, நாடி சோதிடம் பார்க்க! உலகத்தார் அனைவர் வாழ்வும் அங்கே ஓலையில் இருக்கிறதாம். ஆண்கள் வலக் கட்டைவிரலும் பெண்கள் இடக் கட்டைவிரலும் பதித்தால் உரிய ஏட்டை எடுத்துத் தருவார்களாம். பட்டியல் இல்லை, பகுப்பு இல்லை, பணம் மட்டும் உண்டு! கைநாட்டை ஒழிக்கப் பாட்டனார் முப்பது வயதுக்கு மேல் பாடுபட்டார். பட்டம் பெற்றவர்கள் காசு கட்டிக் கைநாட்டு வைக்கிறார்கள்.

வீட்டில் போர்வையைக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே படிப்பகம் சென்றோம். கீற்று இப்போது இல்லை, ஒட்டுக் கட்டடம். பூட்டுத் துருவேறியிருந்தது. சாவி தேநீர்க் கடையில் இருந்தது. மூன்று மாதமாக எவரும் கேட்கவில்லையாம். உள்ளே ஒரு மூலையில் கரையான் புற்று, மற்ற மூலைகளில் புத்தகக் குவியல். வெளிநாட்டு வாரங்களில் இந்தச் சாவியை ஒருமுறையேனும் நாம் நினைத்தோமா? இல்லை.

தெருப் பிள்ளைகள் நால்வர் எட்டிப் பார்த்தனர். துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னோம். அறிவியல் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம், வரலாறு ஒரு பக்கம் என்று அடுக்கத் தொடங்கினோம். கோலனும் தெரியாது, முக்காற்புள்ளியும் தெரியாது. 340 நூல்கள் தேறின. இலண்டன் படநூல்களைக் கீழ்த்தட்டில் வைத்தோம், குழந்தை கைக்கு எட்டும்படி.

குவியலின் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் கிடைத்தது. பாட்டனாருடையது. பக்கம் பக்கமாகத் தம் பெயரை மட்டும் எழுதிப் பழகியிருந்தார். முதற் பக்கத்தில் கோணல், கடைசிப் பக்கத்திலும் கோணல்தான். “இதை எந்தப் பக்கம் அண்ணே வைக்கிறது?” என்று கேட்டாள் ஒரு சிறுமி. நமக்கும் தெரியவில்லை. அவளே வரலாற்றுத் தட்டில் வைத்தாள். சிறிது நேரம் பார்த்தாள். பிறகு எடுத்து, படநூல்களோடு சேர்த்துக் கீழ்த்தட்டில் வைத்தாள்.