பெட்ரோலின் பாதை

இயந்திரம் பழகாதவன் ஓட்டும் பழைய மோட்டார் சைக்கிள் நின்றுபோனால், அவன் கை முதலில் போவது கார்புரேட்டருக்குத்தான். காரணம் பெரிதொன்றும் இல்லை. அதில் திருகுவதற்கு ஆணிகள் இருக்கின்றன. திருகாணியைக் கண்டால் மனிதனுடைய கை சும்மா இருக்காது. இதை வலப் பக்கம், அதை இடப் பக்கம் திருகிவிட்டு, பழைய கோளாறு எது, புதிதாக உண்டானது எது என்று புரியாமல் விழிக்க வேண்டியதுதான். குடும்பச் சண்டையில் சமாதானம் பேசப் போகிறவர்கள் கதியும் அநேகமாக இதுவே.

என் அண்ணன் காலமான பிறகு அவருடைய புல்லட் எட்டு மாதம் தாழ்வாரத்தில் நின்றது. திருவொற்றியூரில் பிறந்த 350 சி.சி. வண்டி. ஒருநாள் அண்ணி சொன்னார்: "தம்பி, ஓடினால் பையன் வைத்துக்கொள்ளட்டும். ஓடாவிட்டால் எடைக்குப் போட்டுவிடுங்கள். தினமும் கண்ணெதிரே நிற்க வேண்டாம்."

கெட்டுப்போன பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாகப் பாதி டாங்க் ஊற்றினோம். வண்டி கிளம்பியது. பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடியது. பிறகு மூச்சுத் திணறி நின்றது. கொஞ்சம் பொறுத்து உதைத்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்றார் ஒரு மெக்கானிக். பையன் முகம் வாடிவிட்டது.

திருகாணிகளைத் தொடுவதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நின்ற உடனே பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறியைச் சந்தேகிக்கலாம். இதுவோ உலர்ந்திருந்தது. ஆகவே பெட்ரோல் வந்து சேரவில்லை. அது வரும் பாதையை ஒவ்வொரு படியாகப் பார்ப்பதுதான் மிச்சம்.

அந்தக் காலத்துப் புல்லட்டில் பம்பு கிடையாது. டாங்கிலிருந்து காக் வழியாக, ரப்பர் குழாயில், தன் எடையாலேயே இறங்கிக் கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைகிறது. நிறைந்ததும் உள்ளே ஒரு மிதவை எழும்பி, ஊசியால் வழியை அடைக்கிறது. அந்த ஊசி சரியாக அடைக்காவிட்டால் பெட்ரோல் வெளியே சொட்டும். கிண்ணத்திலிருந்து ஜெட் என்ற பித்தளைத் துவாரம் வழியாகக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குப் போகிறது. வண்டி கிளம்பியும் மெதுவான ஓட்டத்தில் மட்டும் அணைந்தால், சின்ன ஜெட் அடைத்திருக்கலாம். ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மெத்தென்றது, துவாரம் பெரிதாகிவிடும். காற்றால் ஊதுவதே நல்லது.

குழாயையும் பார்த்தோம். 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவிகிதத்தை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பரையும் கெடுக்கும். குழாய் வெடித்திருந்தது, மாற்றினோம். கோளாறு அப்படியே இருந்தது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதால், குழாய் குற்றவாளி அல்ல என்றாவது நிச்சயமாயிற்று.

அடுத்த நாள் எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், அக்கம்பக்கத்தில் நெருப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டு, குழாயின் அடி முனையைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டோம். பெட்ரோல் தாராளமாக வந்தது. பிறகு நூலாக மெலிந்தது. கால் பாட்டில் நிறைவதற்குள் சொட்டாகி நின்றது. பையன் டாங்க் மூடியைத் திறந்தான். 'உஸ்' என்று காற்று உள்ளே போயிற்று. பெட்ரோல் மறுபடி தாராளமாகக் கொட்டியது.

குற்றவாளி மூடிதான். அதிலுள்ள குண்டூசி முனை அளவுத் துவாரத்தைத் தூசியும் துருவும் அடைத்திருந்தன. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டாங்க் தன்னிடம் உள்ளதை விடாது. நின்ற வண்டி சற்றுப் பொறுத்து ஓடியதற்குக் காரணம், எங்கோ சிறு இடுக்கில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதுதான்.

துவாரத்தைச் சுத்தம் செய்ததும் பையன் பைபாஸ் வரை போய்த் திரும்பினான். வழியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. 'டக் டக்' சத்தம் கேட்டு அண்ணி வாசலுக்கு வந்தார். எட்டு மாதமாக அண்ணன் பேச்சையே எடுக்காதவர், அந்த வண்டியில் இருவரும் மழையில் நனைந்தபடி திருக்கழுக்குன்றம் போன கதையைப் பையனிடம் சொல்ல ஆரம்பித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு நேரமாகியும் அது முடியவில்லை.