எங்கிருந்து கிளம்பினான்?



இந்த மடலை எழுதும் மேசையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, வெள்ளிக்கிழமைக்குள் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டிய படிவம். இன்னொன்று, ஏழு வருடங்களுக்கு முன் நான் நிரப்பிக் கொடுத்த அதே படிவத்தின் நகல். ஒவ்வோர் அக்டோபரிலும் பழையதை எடுத்துப் படித்துவிட்டுத்தான் புதியதைத் தொடுவேன்.

சியாட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். இங்கே வாஷிங்டன் மாநிலத்தில் ஆசிரியர்கள் ‘மாணவர் வளர்ச்சி இலக்கு’ எழுதித் தர வேண்டும். முழு மதிப்பீட்டுக்கு உட்படும் ஆண்டில் மூன்று வகை இலக்குகள் உண்டு: வகுப்பு முழுவதற்கும் ஒன்று, தனிக் கவனம் தேவைப்படும் சிறு குழுவுக்கு ஒன்று, சக ஆசிரியர்களோடு சேர்ந்து ஒன்று. பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது, ஆண்டு முடிவதற்குள் எங்கே போய்ச் சேரும், சேர்ந்ததை எதைக் கொண்டு காட்டப்போகிறாய்? கேள்வி இவ்வளவுதான். எதை வைத்து அளப்பது என்பதில் ஆசிரியருக்கு நிறையவே சுதந்திரம் இருக்கிறது.

வாசிப்பை அளக்க நான் எடுத்துக்கொண்டது ஒரு நிமிட வாசிப்பு. பிள்ளை முன்பின் பார்க்காத ஒரு பத்தியைக் கையில் கொடுத்து, கடிகாரத்தை ஓடவிட்டு, சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டும். தப்பாகப் படித்த சொல்லின் மேல் ஒரு கோடு. மூன்று விநாடி தடுமாறி நின்றால் நாமே சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதையும் தப்பு என்றே குறித்துக்கொள்ள வேண்டும். நிமிடம் முடிந்ததும் சரியாகப் படித்த சொற்களை எண்ணினால் கணக்கு தயார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோ என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1970-களின் பிற்பகுதியிலிருந்து செய்துவந்த வேலை இது. வகுப்பு வாரியாக எத்தனை சொல் என்பதற்கு ஹாஸ்ப்ரூக், டிண்டல் என்ற இருவர் தொகுத்த அட்டவணை ஒன்று இங்கே அநேகமாக எல்லாப் பள்ளிகளிலும் இருக்கும். 2017-இல் வந்த பதிப்பின்படி, மூன்றாம் வகுப்பில் நடுவில் நிற்கும் பிள்ளை ஆண்டுத் தொடக்கத்தில் 83 சொல், குளிர்காலத்தில் 97, ஆண்டு முடிவில் 112 சொல் படிக்கும்.

ஏழு வருடங்களுக்கு முந்தைய படிவத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “ஜூன் மாதத்துக்குள் 75 விழுக்காடு மாணவர்கள் நிமிடத்துக்கு 112 சொற்களை எட்டுவார்கள்.” அந்த வருடம் 24 பிள்ளைகள். ஜூனில் 18 பேர் எட்டினார்கள். மிகச் சரியாக 75 விழுக்காடு. பாராட்டும் கிடைத்தது.

கோடை விடுமுறையில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பட்டியல் கையில் அகப்பட்டது. உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்த்தேன். ஒரு சிறுமி செப்டம்பரில் 131, ஜூனில் 134. அவளுக்கு நேரே ‘எட்டினாள்’ என்று எழுதியிருக்கிறேன். ஒரு பையன் செப்டம்பரில் 38, ஜூனில் 84. அவனுக்கு நேரே ‘எட்டவில்லை’. அட்டவணையில் நடுவில் நிற்கும் பிள்ளை ஒரு வருடத்தில் ஏறுவது 29 சொல். இவன் ஏறியது 46. வகுப்பிலேயே அதிக தூரம் நடந்த பிள்ளையைத் தோற்றவர்கள் பட்டியலில் போட்டிருக்கிறேன். கிளம்பிய இடத்திலேயே நின்ற பிள்ளையை ஜெயித்தவர்களோடு சேர்த்திருக்கிறேன். அந்தச் சிறுமிக்கு அந்த வருடம் வாசிப்பில் நான் என்ன கொடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பதில் சொல்ல முடியவில்லை.

ஏன் அப்படி எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். நான் வளர்ந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு தேர்ச்சி விழுக்காடுதான். பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் பள்ளி வாசலில் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று தட்டி கட்டுவார்கள். 35-க்கு மேலே, 35-க்குக் கீழே. ஒரு பிள்ளை 9-இல் இருந்து 33-க்கு வந்திருந்தால் அதைச் சொல்ல அந்தத் தட்டியில் இடமில்லை.

அமெரிக்காவும் அந்தத் தட்டியைக் கட்டிப் பார்த்த நாடுதான். 2002 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ என்ற சட்டம், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்கச் சொன்னது. 2014-க்குள் நாட்டின் அத்தனை பிள்ளைகளும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது. அது நடக்காது என்று தெரிந்ததும் ஒபாமா அரசு மாநிலங்களுக்கு விலக்கு அளிக்க முன்வந்தது. ஆனால் நிபந்தனை போட்டது: ஆசிரியரை மதிப்பிடும்போது மாணவர்களின் வளர்ச்சியையும், அதில் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் மாநிலம் முரண்டு பிடித்தது. 2010-லும் 2012-லும் இயற்றிய சட்டங்களில் மாணவர் வளர்ச்சியைக் கணக்கில் எடுக்க வாஷிங்டன் ஒப்புக்கொண்டது. மாநிலத் தேர்வு மதிப்பெண்ணைப் ‘பயன்படுத்தலாம்’ என்றுதான் எழுதியது, ‘பயன்படுத்தியே ஆக வேண்டும்’ என்று எழுதவில்லை. அந்த ஒரு வினைச்சொல்லுக்காக 2014 ஏப்ரலில் விலக்கு பறிபோனது. நாட்டிலேயே விலக்கை இழந்த முதல் மாநிலம் இதுதான். விளைவாக மாநிலத்தின் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும் பழைய சட்டக் கணக்கில் ‘தவறிய’ பள்ளிகள் ஆயின. பெற்றோருக்கு அப்படிக் கடிதமும் போனது. 2015 டிசம்பரில் வந்த புதிய சட்டம் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டது.

மாநிலம் செய்தது சரி என்றே நினைக்கிறேன். 2014-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களில் காணும் ஏற்றத்தாழ்வில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 விழுக்காடுதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அது சொன்னது. மீதியெல்லாம் வீடு, பசி, தூக்கம், முந்தைய வருடங்கள், இன்னும் எத்தனையோ. அந்தச் சிறு பங்கை வைத்து ஓர் ஆசிரியரின் வேலையைத் தராசில் போட்டால், இலக்கு எழுதுகிற கை நேர்மையாக இருப்பது கடினம்.

கேள்விப்பட்டதை வைத்துச் சொல்லவில்லை. ஒரு செப்டம்பரில் தொண்டை கட்டிக்கொண்டு வந்த பிள்ளையைப் படிக்க வைத்தேன். 49 வந்தது. தொடக்க எண் சின்னதாக இருந்தால் ஜூனில் வளர்ச்சி பெரிதாகத் தெரியும். மறுநாள் அவளை மறுபடி கூப்பிட வேண்டுமா என்று நான் யோசித்த அந்த ஒரு கணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கூப்பிட்டேன். 63. மதிப்பீடு இவ்வளவு தளர்வாக இருக்கும் மாநிலத்திலேயே எனக்கு அந்த நினைப்பு வந்தது. சம்பளமும் வேலையும் அந்த எண்ணில் தொங்கும் இடத்தில் இருப்பவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது.

சரி, அந்தக் கோடைக்குப் பிறகு என்ன மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். விழுக்காட்டை விட்டேன். பிள்ளைக்கு ஓர் இலக்கு, பிள்ளையின் பெயர் போட்டு. வேலை கூடியது. 24 பேரையும் தனித்தனியே அரைவட்ட மேசைக்கு அழைத்துப் படிக்கக் கேட்க இரண்டு வாரம் ஆகிறது. ஆனால் எண்ணைவிட, கோடு போட்ட அந்தப் பத்தித் தாள்தான் பேசுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஒரு பையனின் தாளை இப்போதும் வைத்திருக்கிறேன். நிமிடத்தில் 61 சொல் படித்தான், 9 தப்பு, ஆக 52. அட்டவணையைப் பார்த்தால் ‘மெதுவாகப் படிக்கிறான்’ என்று மட்டும் தெரியும். அந்த ஒன்பது தப்புகளைப் பார்த்தால்? ‘டிஃபரண்ட்’ என்பதை ‘டிஃபிகல்ட்’ என்று படித்திருக்கிறான். ‘ரிமெம்பர்’ என்பதை ‘ரிமெயின்’ என்று. ஒன்பதில் ஆறு நீண்ட சொற்கள். ஆறிலும் முதல் பாதி சரி, பின்பாதி ஊகம். சின்னச் சொற்களில் அவன் அவ்வளவாகத் தடுமாறவில்லை. ஆகவே அவனுக்கு வேகம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நீண்ட சொல்லைக் கடைசி வரை உடைத்துப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

தமிழில் இந்தச் சிக்கல் இப்படி வராது. எழுத்துகளைப் படித்துக்கொண்ட பிள்ளை எந்தச் சொல்லையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் சுமார் 44 ஒலிகளைச் சுமக்கின்றன. ஓர் உயிரெழுத்து எப்படி ஒலிக்கும் என்பதை அசை எங்கே முடிகிறது என்பதே பெரும்பாலும் சொல்கிறது. மெய்யில் முடிந்தால் குறுகும், அடைபடாமல் நின்றால் நீளும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம், ஒன்பதாம் வகுப்பில் தமிழம்மா கரும்பலகையில் நேர், நிரை என்று அசை பிரித்துக் காட்டியது நினைவுக்கு வரும். அந்தப் பையனோடு தினமும் காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, பென்சிலால் ஒவ்வோர் அசைக்கும் அடியில் ஒரு வளைவு போட்டுப் படித்தோம்.

அவனுக்கு ஜூன் இலக்கு 90. வரைபடத் தாளில் 52-ஐயும் 90-ஐயும் ஒரு கோட்டால் இணைத்தோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு புள்ளி, அவனே வைப்பான். டெனோவின் வழி வந்தவர்கள் ஒரு விதி சொல்வார்கள்: தொடர்ந்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால், சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்று. குளிர்கால விடுமுறைக்குப் பிறகு அவனுக்கு நான்கும் கீழே விழுந்தன. என்ன முறையை மாற்றுவது என்று அவனைப் படிக்கவிட்டுப் பக்கத்திலிருந்து கவனித்தேன். தாளை மூக்குக்கு அருகே கொண்டுபோனான். விடுமுறையில் கண்ணாடி உடைந்திருக்கிறது. வீட்டில் புதிது வாங்கிக் கொடுக்க முடியவில்லை, இவனும் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளி நர்ஸ் மூலமாகக் கண்ணாடி வர மூன்று வாரம் ஆனது. இத்தனை பேர் இருக்கும் அறையில் அந்த நான்கு புள்ளிகள் இல்லாவிட்டால் நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

ஜூனில் அவன் 88. இரண்டு சொல் குறைவு. தாளின் கீழே, ‘நீண்ட சொற்களில் தப்பு: செப்டம்பரில் 6, ஜூனில் 1’ என்று எழுதினேன்.

எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். எண்ணுவது தெரிந்துவிட்டால் பிள்ளைகள் எண்ணுக்காகவே ஓடுவார்கள். ஒரு சிறுமி 118 சொல் படித்துவிட்டு, “வேகமாப் படிச்சேனா?” என்று கேட்டாள். கதையில் நாய்க்கு என்ன ஆனது என்று கேட்டேன். “நாயா?” என்றாள். அன்று முதல், படித்ததைத் திருப்பிச் சொல்லாமல் என் மேசையிலிருந்து யாரும் எழுந்து போக முடியாது.

போன சனிக்கிழமை இரவு சித்தி மகளோடு பேசினேன். அங்கே ஞாயிறு காலை. அவள் தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துப் பாடம் எடுக்கிறாள். வகுப்பு ஒன்று, நிலை மூன்று. இந்தப் படிவத்தைப் பற்றி நான் சொன்னதும், “அட, நாங்களும் அதேதான்க்கா பண்றோம்” என்றாள். “ஒரு பிள்ளை அரும்புல இருந்து மொட்டுக்கு ஏறிட்டா அன்னிக்குப் பூரா எனக்குப் பசிக்காது. ஆனா சாயங்காலம் அவங்க அம்மா வந்து, ‘டீச்சர், எம்புள்ள எத்தனாவது ரேங்க்?’னுதான் கேக்கும்.”

“நீ என்ன சொல்லுவே?”

“போன மாசம் எழுதின நோட்டையும் இந்த மாசம் எழுதின நோட்டையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வச்சிருவேன். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா பார்த்ததும் சிரிச்சிருச்சு.”

அந்த யோசனையை வாங்கிக்கொண்டேன். நவம்பரில் இங்கே பெற்றோர் சந்திப்பு வருகிறது. இம்முறை வரைபடத்தோடு செப்டம்பர் தாளையும் நவம்பர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறேன்.

வெள்ளிக்கிழமைப் படிவத்தில் 23 பெயர்களுக்கு எழுதி முடித்துவிட்டேன். மிச்சமிருப்பது பத்து நாள் முன்பு உக்ரைனிலிருந்து வந்து சேர்ந்த சிறுமி. நேற்று அவளை மேசைக்கு அழைத்து ஆங்கிலப் பத்தியைக் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் 4 சொல். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. கண் மட்டும் கடிகாரத்தின் மேல் இருந்தது. கடிகாரத்தை நிறுத்தி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, அவள் பையிலிருந்த அவள் நாட்டுப் புத்தகத்தைக் காட்டி, படி என்று சைகை செய்தேன்.

எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் விரல் வைக்காமல் படித்தாள். நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். பேச்சு வருகிற இடத்தில் குரலை மாற்றினாள். பக்கத்தின் கடைசி வரிக்கு முன்பே கை அடுத்த பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

படிவத்தில் ‘தொடக்க நிலை’ என்ற கட்டத்தில் ஓர் எண்ணுக்குத்தான் இடம் இருக்கிறது. 4 என்று எழுதினேன். பக்கத்து ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, ‘வாசிக்கத் தெரிந்த பிள்ளை, தாய்மொழியில் தங்குதடையின்றி வாசிக்கிறாள்’ என்று எழுதியிருக்கிறேன். தலைமையாசிரியர் கேட்டால் விளக்கம் சொல்ல அந்தப் புத்தகத்தையும் கூட எடுத்துப்போகிறேன். அவளிடம் ஒரு நாள் இரவல் கேட்டு வாங்கியாயிற்று.