கீசர் வைத்திருக்கும் வலப்பனை உறவுகளுக்கு

மழை பிடித்தால் எங்கள் பக்கம் பீலித் தண்ணீர் கலங்கித்தான் வரும். அந்த மண் கீசர் தொட்டியின் அடியில்தான் படியும். ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்து, சூடு ஆறியபின் தண்ணீரை வடித்துவிட்டோம். முதல் வாளி சாயத்தண்ணி நிறம், அடியில் மணல்.

தொட்டிக்குள் ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். தான் கரைந்து தொட்டியைத் துருவிலிருந்து காப்பது அதுதான், மெலிந்துவிட்டால் மாற்றுங்கள். அழுத்த வால்வு சொட்டுகிறதென்று சிலர் அடைத்துவிடுகிறார்கள். ஐயோ, தொட்டி வெடிக்கக்கூடும், செய்யாதீர்கள்!

எல்லாவற்றையும்விட முக்கியம் ட்ரிப் சுவிட்ச். 230 வோல்ட்டும் ஈரக்காலும் சேரும் இடமல்லவா? மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். விழவில்லையென்றால், மின்வேலை தெரிந்தவர் வந்து பார்க்கும்வரை பிள்ளைகளுக்கு விறகடுப்பிலேயே சுடுதண்ணி வையுங்கள்.