ஊர் வளர்க்கும் விளையாட்டு

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் என்னும் ஊர் உளது. தென்னையும் வாழையும் பலாவும் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. மல்லிகையும் முல்லையும் அவ்வூர்த் தோட்டங்களில் மலர்கின்றன. வைகறையில் கொய்த அரும்புகள் ஊரிலுள்ள பூச்சந்தைக்கு வந்து, பல ஊர்களுக்கும் செல்கின்றன. இத்தகைய உழவர் ஊர்களில் இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்த விளையாட்டு யாது? சடுகுடு என்றே பெரியோர் கூறுவர். கபடி என்பது இந்நாள் வழக்கு.

சடுகுடுவிற்குப் பந்து வேண்டுவதில்லை, மட்டையும் வேண்டுவதில்லை. கல் நீக்கிய சிறு நிலமும், அதன் நடுவே ஒரு கோடும், அணிக்கு எழுவரும் இருப்பின் போதும். ஆடவர் ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. ஓர் அணியினன் மூச்சடக்கிப் பாடிக்கொண்டே எதிரணியின் எல்லைக்குள் தனியனாய்ப் புகுவான். 30 நொடிக்குள், மூச்சு முறியாமல், எதிரிகளைத் தொட்டு மீளல் வேண்டும். எழுவரும் கை கோத்து அவனை மடக்க முயல்வர். பிடிபட்டவன் வெளியேறுவான். எனினும் அவன் தோழன் ஒருவன் புள்ளி பெறும்போது, வெளியேறியவன் மீண்டும் களம் புகுவான். துணிவும் விரைவும் மட்டுமன்றி, வீழ்ந்தாரைத் தோழர் மீட்கும் ஒற்றுமையும் இவ்வாட்டத்தின் உயிராகும்.

சிற்றூர் மண்ணில் வளர்ந்த இவ்விளையாட்டு உலக அரங்கையும் கண்டது. 1936ஆம் ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக் விழாவின்போது அமராவதி நகரத்து உடற்பயிற்சிக் கழகத்தார் இதனை ஆடிக் காட்டினர். 1990ஆம் ஆண்டில் பீகிங்கில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டில் இது பதக்கப் போட்டியாயிற்று. இந்தியா பொற்பதக்கம் பெற்றது. 1994ஆம் ஆண்டில் இரோசிமாவில் பொன் வென்ற இந்திய அணியில், தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரில் பிறந்த கணேசன் ஆடினார். 2010ஆம் ஆண்டு முதல் மகளிர்க்கும் ஆசிய விளையாட்டில் இடம் கிடைத்தது.

ஒரு விளையாட்டு எங்ஙனம் வேரூன்றி வளர்கின்றது? இதற்கு ரக்பி என்னும் ஆட்டத்தின் வரலாறு நல்ல சான்றாகும். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், ஓடுவாரை மடக்கி வீழ்த்தியும் ஆடுவது அது. இங்கிலாந்தில் ரக்பி என்னும் ஊரிலுள்ள பள்ளியின் பெயரே ஆட்டத்திற்கும் பெயராயிற்று. 1845ஆம் ஆண்டில் அதன் விதிகளை முதன்முதல் எழுதி வைத்தவர் அப்பள்ளி மாணவரே ஆவர். அவ்வாட்டம் கடல் கடந்தும் பரவியது. ஒடிசா மாநிலத்துப் பழங்குடிச் சிறுவர்கள் புவனேசுவரத்தில் ஒரு கல்வி நிறுவனத்தில் தங்கிப் பயின்று, ரக்பியும் கற்று, 2007ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த பன்னாட்டுப் பள்ளிப் போட்டியில் வெற்றி பெற்றனர். முன்பின் அறியாத ஆட்டத்தையும் பள்ளி வளர்க்குமெனின், பிறந்த மண்ணின் ஆட்டத்தை வளர்த்தல் அரிதாகுமோ?

அரிதன்று, ஆயினும் அது தானே நிகழ்வதுமன்று. பொங்கல் நாளில் பந்தலிட்டுப் பரிசு வழங்கினால் மட்டும் ஆட்டம் வளராது. ஆண்டு முழுதும் பயிற்சி வேண்டும். விழும் முறை அறியாத சிறுவனுக்குத் தோளும் முழங்காலும் ஊறுபடும். ஆதலால் கற்பிக்கும் ஆசிரியர் வேண்டும். பெரிய போட்டிகள் இந்நாளில் விரிப்பின்மீது நடைபெறுகின்றன. மண்ணில் வெறுங்காலுடன் பழகியவன் அங்கே கால் நிலைகொள்ளாமல் தடுமாறுவான். அத்தடுமாற்றம் அவனது திறமைக் குறைவன்று, வாய்ப்புக் குறைவேயாகும். தேர்வு நெருங்கியதும் விளையாட்டு வேளையைப் பிற பாடத்திற்கு ஈந்துவிடுதலும் நன்றன்று.

யாவற்றினும் பெருந்தடை ஒன்று உண்டு. பருவம் எய்திய பெண் ஆடுகளம் புகலாகாது என்று கருதுவார் இன்றும் சிலர் உளர். நன்கு ஆடிய சிறுமி ஒருநாள் களத்திற்கு வாராமல் நின்றுவிடுவாள். அவளைக் குறித்து ஊரார் வினவுவதும் இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிழைப்பு நாடி வெளியூர் சென்று ஆட்டத்தை மறக்கும் இளைஞரும் பலர். இவ்விருவரையும் இழக்கும் ஊர், தன் பாதி வலிமையை இழக்கின்றது. பெற்றோரின் இசைவும், படிப்பு முடிந்தோர் தொடர்ந்து ஆடுதற்கு ஊர் மன்றத்தின் ஆதரவும் கிடைப்பின் இக்குறை நீங்கும்.

2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கசா புயல் வீசியபோது, கீரமங்கலம் வட்டாரத்துத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த இடத்தில் உழவர் மீண்டும் கன்று ஊன்றினர். ஊன்றிய ஆண்டிலேயே காய் கிடைக்குமென்று எவரும் எண்ணுவதில்லை. நீர் விட்டும் வேலி கட்டியும் பல்லாண்டு காத்த பின்னரே தென்னை பயன் தரும். விளையாட்டும் அவ்வாறே. பள்ளி கன்றாக ஊன்றுக. ஊர் நீர் வார்த்துக் காத்திடுக. இன்று நடுக்கோட்டருகே நின்று மூச்சடக்கப் பழகும் சிறுவரும் சிறுமியரும் நாளை அம்மண்ணின் பெருமையை உலகறியச் செய்வர்.