94 என்று ஒரு ஃபோல்டர்

டிசம்பர் பிறந்தால் போதும், பத்திரிகைக்காரர்களுக்குப் பட்டியல் ஜுரம் கண்டுவிடும். சிறந்த பத்துப் படம், சிறந்த பத்துப் பாட்டு, சிறந்த பத்து மசால் தோசை... என்னிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. வருஷத்தின் சிறந்த பங்க், ஈமோ, ஹெவி மெட்டல் ஆல்பங்கள். ஒரே ஒரு சின்ன விஷயம். என்னுடைய வருஷம் 1994. அதற்கப்புறம் வந்த வருஷங்கள் எல்லாம் காலண்டர் கிழிப்பதற்காக வந்தவை என்பது என் கட்சி.

1994-ல் எனக்கு வயசு நாலு. டிராயர் பட்டன் போடத் தெரியாது. அப்புறம் எப்படி? பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் (பேர் வேண்டாம், இப்போது கௌரவமான உத்தியோகத்தில் இருக்கிறான்) காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் என்று சொல்லி ஒரு பென் டிரைவைக் கொடுத்தான். நோட்ஸ் எதுவும் இல்லை. '94' என்று ஒரே ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தேன். காதில் இடி இறங்கியது. அந்த செமஸ்டரில் காஸ்ட் அக்கவுண்டிங் 41 மார்க். அது கிடக்கட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சின்னதாக ஒரு விளக்கம். பங்க் என்றால் மூன்றே மூன்று கார்டில் கிடார், ரெண்டரை நிமிஷம், மூச்சிரைக்க ஒரே ஓட்டம். சுருதி சுத்தம் பார்க்கிறவர்கள் மார்கழிக் கச்சேரிக்குப் போகலாம். ஈமோ, பங்க்குக்குத் தம்பி முறை. அண்ணன் அரசாங்கத்தைத் திட்டுவான். தம்பி தன் மனசுக்குள் இருப்பதை நினைத்து அழுவான். 1985 வாக்கில் வாஷிங்டனில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழு இதை ஆரம்பித்து வைத்தது. 'ஈமோ' என்று கூப்பிட்டால் அவர்களுக்கே பிடிக்காது. ஹெவி என்றால்... வீட்டு வாசலில் ரோடு ரோலர் போகிறபோது ஜன்னல் கண்ணாடி அதிரும் இல்லையா, அது.

முதல்முறை நான் வீட்டில் சத்தமாக வைத்தபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். "ஏண்டா, அந்தப் பையனுக்கு எங்கயாவது வலிக்குதா?"

உலகத்து இசை விமர்சகர்கள் ஒருத்தரும் இதைவிட நன்றாகக் கேட்டதில்லை.

பட்டியலுக்கு வருவோம். 1994 பிப்ரவரி 1-ம் தேதி கிரீன் டே குழுவின் 'டூக்கி' வெளிவந்தது. தலைப்புக்கு அர்த்தம், சின்னக் குழந்தைகள் பின்பக்கமாகப் பண்ணுகிற காரியம். தமிழில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்குக்கு அப்போது 22 வயசு நிரம்பவில்லை. பத்து வயசில் அப்பாவைப் பறிகொடுத்தவர். அம்மா ஓட்டலில் சர்வர் வேலை. திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து, நமக்குப் பைத்தியம்தான் பிடித்துவிட்டதோ என்று பயம் வரும் கோளாறு அவருக்கு உண்டு. அதைத்தான் 'பாஸ்கெட் கேஸ்' பாட்டாக்கினார். மார்ச் 31 ராத்திரி பதினொன்றரைக்கு ஆபீஸில் கணக்கு டாலி ஆகாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தப் பாட்டை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆல்பம் பிய்த்துக்கொண்டு போனது. 2024-ல், அமெரிக்காவில் மட்டும் 2 கோடிக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஆனால் இவர்களை வளர்த்துவிட்ட இடம் வாசலை மூடிக்கொண்டது. கலிபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊரில், கில்மன் தெரு 924-ம் நம்பரில் ஒரு கொட்டகை. சம்பளம் வாங்காத ஆட்களே சேர்ந்து நடத்துகிற இடம். பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட குழுவுக்கு அங்கே மேடை கிடையாது என்பது சட்டம். கிரீன் டே பெரிய கம்பெனிக்குப் போனதும் 'நீ இனிமேல் வராதே' என்றுவிட்டார்கள். மறுபடி அவர்கள் அந்த மேடையில் ஏறியது 2015-ல், ஒரு நிதியுதவி நிகழ்ச்சிக்காக.

இன்னொரு குழு, ஜாபிரேக்கர். அதே 94 பிப்ரவரியில் '24 அவர் ரிவெஞ்ச் தெரபி' என்று ஓர் ஆல்பம். தொண்டையில் வளர்ந்த கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவரின் குரல். உப்புத்தாள் தேய்த்த மாதிரி இருக்கும். எனக்கு டூக்கியைவிட ஒரு படி மேலே. அடுத்த ஆல்பத்துக்குப் பெரிய கம்பெனிக்குப் போனார்கள். பழைய ரசிகர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, மேடைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார்களாம். காசு கொடுத்து முதுகைக் காட்டுவது! 1996-ல் குழு உடைந்துபோயிற்று.

எனக்கு இது புரியும். இந்தப் பத்திரிகையில் எழுத வருவதற்கு முன்னால் நானும் ஒரு சிறுபத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தேன். 300 பிரதி. கட்டுரைக்குச் சன்மானம் ஒரு டீ. ஆசிரியருக்கு மனசு குளிர்ந்திருந்தால் ஒரு பட்டர் பிஸ்கட். இங்கே முதல் காலம் வந்த வாரம் அந்த நண்பர்களில் ஒருத்தரைப் புத்தகக் கண்காட்சியில் பார்த்து வணக்கம் சொன்னேன். அலமாரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முதுகு! அந்த மாசம் எனக்கு வந்த செக்கில்தான் வீட்டு வாடகை போயிற்று. காமர்ஸ் படித்தவனாகச் சொல்கிறேன்: கூலி வாங்கினதால் கிரீன் டேயின் கிடார் எந்த இடத்திலும் பிசிறு தட்டவில்லை. வேண்டுமானால் ரெண்டு ஆல்பத்தையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

1994 ஏப்ரல் 8. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் சியாட்டில் வீட்டில் இறந்து கிடந்ததைக் கண்டுபிடித்த தினம். வயசு 27. அதே தினத்தில்தான் ஆஃப்ஸ்ப்ரிங் குழுவின் 'ஸ்மாஷ்' கடைக்கு வந்தது. உலகம் அழுதுகொண்டிருந்ததில் யாரும் கவனிக்கவில்லை. எபிடாஃப் என்ற சின்னக் கம்பெனி. செலவு சுமார் 20,000 டாலர்தான். விற்றதோ 1 கோடியே 10 லட்சம் பிரதிக்கு மேல். சின்னக் கம்பெனி ஒன்று வெளியிட்டதில் இதை மிஞ்சி விற்ற ஆல்பம் கிடையாது என்பார்கள். முதலீட்டின் மீது வருமானம் என்று எங்கள் வாத்தியார் போர்டில் வட்டம் வட்டமாகப் போட்டது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கு கிடையாது. அந்தக் குழுவின் கிடார்க்காரர் நூடுல்ஸ் (ஆமாம், அப்படித்தான் பேர்) ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு, பராமரிப்பு வேலை பார்த்தவர். பாட்டு ரேடியோவில் ஓட ஆரம்பித்த பிறகும் வேலையை உடனே உதறவில்லை. பாடகர் டெக்ஸ்டர் ஹாலண்ட் மூலக்கூறு உயிரியலில் பிஎச்.டி. மாணவர். லேபில் சூடான குடுவைகளை ஆற வைக்கும்போது அவற்றைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும் என்று தோன்றியதிலிருந்துதான் 'கம் அவுட் அண்ட் பிளே' பாட்டின் முக்கியமான வரியே பிறந்தது. பாட்டு, பள்ளிக்கூடத்தில் கும்பல் சேர்ந்து அடித்துக்கொள்வதைப் பற்றி. படிப்பைப் பாதியில் நிறுத்தினவர் மறுபடி போய், எய்ட்ஸ் வைரஸைப் பற்றி ஆராய்ச்சி செய்து 2017-ல் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். நடுவில் மிளகாய் சாஸ் கம்பெனி வேறு. சரி, மனுஷனுக்குச் சைடு பிசினஸ் வேண்டாமா?

ஹெவி பக்கம் ரெண்டு. பான்டெராவின் 'ஃபார் பியாண்ட் டிரிவன்' மார்ச் 22-ல் வந்தது. வந்த வாரமே அமெரிக்கப் பட்டியலில் நம்பர் ஒன். இவ்வளவு முரட்டு ஆல்பம் ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. கிடார் டைம்பேக் டாரல், டிரம்ஸ் அவருடைய அண்ணன் வின்னி பால். முழுக்க அடித்து நொறுக்கிவிட்டு, கடைசியில் ஒரு பழைய பிளாக் சாபத் பாட்டை எடுத்துத் தாலாட்டு மாதிரி வாசித்து முடிப்பார்கள். 2004 டிசம்பர் 8-ம் தேதி ஒஹையோவில், மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே டைம்பேக்கை ஒருத்தன் சுட்டுக் கொன்றுவிட்டான். அதைப் படித்த பிறகு அந்தக் கடைசிப் பாட்டை நான் தனியாக இருக்கும்போது மட்டும்தான் போடுகிறேன்.

இன்னொன்று அக்டோபரில் வந்த கார்ன் குழுவின் முதல் ஆல்பம். பாடகர் ஜொனதன் டேவிஸ், பிரேதப் பரிசோதனை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயசில் தனக்கு நடந்த கொடுமையைக் கடைசிப் பாட்டில் சொல்லிக்கொண்டே வந்து நிஜமாகவே உடைந்து அழுகிறார். ரெக்கார்டிங்கை நிறுத்தாமல் அப்படியே ஓடவிட்டிருக்கிறார்கள். சிபாரிசு செய்கிறேன், ஆனால் ராத்திரி வேண்டாம். இரண்டாவது தடவை முழுசாகக் கேட்கும் தைரியம் எனக்கே இன்னும் வரவில்லை.

முதல் இடம்? 1994 மே 10, சன்னி டே ரியல் எஸ்டேட் குழுவின் 'டைரி'. பேரைக் கேட்டால் வண்டலூருக்கு அப்பால் பிளாட் போட்டு விற்கிறவர்கள் மாதிரி இருக்கும். சியாட்டில் பையன்கள். பாடகர் ஜெரமி ஈனிக்குக்கு 19 வயசு. பாட்டுகளுக்குப் பேர் வைக்கக்கூடப் பொறுமையில்லாமல் 'செவன்', '47', '48' என்று வவுச்சர் நம்பர் மாதிரி போட்டிருப்பார்கள். மறு வருஷமே குழு கலைந்து, ரெண்டு பேர் ஃபூ ஃபைட்டர்ஸில் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்பா 2019-ல் போனார். நான் மூத்த பிள்ளை. ஆஸ்பத்திரி பில், ஆம்புலன்ஸ், தகனமேடை ரசீது, ஷாமியானா, பதினாறாம் நாள் சமையல், டெத் சர்டிபிகேட் பத்துக் காப்பி, பாங்கில் நாமினி கையெழுத்து. எல்லாவற்றையும் வரிசையாக முடித்தேன். "கல்லு மாதிரி நிக்கிறான்யா" என்று பெரியப்பா பாராட்டினார். பாராட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு மாசம் கழித்து ஒருநாள் தாம்பரம்-பீச் மின்சார ரயிலில் காலை நேரத்துக் கூட்டத்தில் நின்றுகொண்டு 'டைரி'யைப் போட்டேன். இரண்டாவது பாட்டு. அந்தப் பையன் கிசுகிசுப்பாக ஆரம்பித்து, யாரோ கையைப் பிடித்து முறுக்கின மாதிரி கத்துகிற இடம் ஒன்று வரும். நூறு தடவை கேட்டதுதான். அன்றைக்குப் பரங்கிமலை தாண்டியதும் என்னவோ ஆகிவிட்டது. கிண்டியில் வண்டி நிற்கும்போது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன். ஆபீஸ் பையும் இன் பண்ணின சட்டையுமாக. சுற்றி நின்றவர்கள் மரியாதையாகச் செல்போனைப் பார்த்தார்கள்.

கூடையோடு கொய்யாப்பழம் விற்கிற அம்மா ஒருத்தர் மட்டும் கேட்டார். "இன்னா தம்பி, வேலை போயிடுச்சா?"

"இல்லம்மா. பாட்டு."

என் காதிலிருந்த ஒயரைச் சந்தேகமாகப் பார்த்தார். "அப்படி இன்னா பாட்டுப்பா அது?" என்று சொல்லிவிட்டு, ஒரு பழத்தை நாலாகக் கீறி மிளகாய்ப் பொடி தூவிக் கையில் வைத்தார். "துன்னு. துட்டு அப்பால குடு." மாம்பலத்தில் இறங்கும்போது மறக்காமல் பத்து ரூபாயைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்.

பட்டியலை எழுதி முடித்துப் பென் டிரைவ் நண்பனுக்குப் போன் போட்டேன். முதல் இடம் 'டைரி' என்றதும், "போடா அழுமூஞ்சி, பான்டெராவ விட்டா வேற யாருடா?" என்று வைத்துவிட்டான். ரெண்டு நாள் பேச்சில்லை. மூணாம் நாள் வாட்ஸப்பில் நீளமாக ஒரு திட்டு. அதே மே 10-ம் தேதி வந்த வீஸர் ஆல்பம் எங்கே, என்ஓஎஃப்எக்ஸ் எங்கே, ரான்சிட் எங்கே, பேட் ரிலிஜன் எங்கே, உனக்கெல்லாம் யாரு காலம் கொடுத்தது என்று. இடம் இல்லை மச்சான் என்று பதில் போட்டிருக்கிறேன். புளூ டிக் விழுந்துவிட்டது. பதில்தான் வரவில்லை.